ஹீரோவுக்கு வயசாகாது, நம்ம வீட்டு ஆம்பளைக்கு வயசாகும்!



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், மிளகு விலை, காபிக் கொட்டை விலை என்று எத்தனையோ விஷயம் பேசிவிட்டோம். இந்த முறை சினிமாவைப் பற்றிப் பேசுவோம். 'நம்ம மடல்ல சினிமாவா?' என்று சிரிக்க வேண்டாம். காரணத்தோடுதான் பேசுகிறோம்.

குழுக் கூட்டத்தில் நடப்பதை எல்லாம் தீர்மான நோட்டில் எழுதுகிறோம். ஒரு விஷயம் மட்டும் நோட்டில் ஏறுவதே இல்லை. அதுதான் வீட்டுக்குள் விழுகிற அடி. முகம் வீங்கி வந்த தங்கச்சியிடம் 'என்ன ஆச்சு?' என்று கேட்டால், 'படியில விழுந்துட்டேன்க்கா' என்பாள். விஷயம் தெரிந்த பெரியம்மா, 'விடுங்கடி, ஆம்பளைன்னா அப்படித்தான் இருப்பான். வயசானா தானா அடங்கிடுவான்' என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். அடுத்து தவணை வசூல்தான்.

'ஆம்பளைன்னா அப்படித்தான்', 'வயசானா அடங்கிடுவான்'. இந்த இரண்டு பேச்சும் உண்மைதானா? இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? பெற்றவர்கள் சொன்னார்கள், ஊர் சொன்னது. அதோடு சேர்ந்து சினிமாவும் சொன்னது. படம் பார்க்க 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல் என்று போனவர்கள் நம்மில் உண்டு. பிறகு திருவிழாவுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய படம் போட்ட காலம் வந்தது. 2006-க்குப் பிறகு அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தது. இப்போது பையன்கள் கையிலேயே செல்போனில் படம் ஓடுகிறது. சந்தைக்குப் போகாத நாள் உண்டு, படம் ஓடாத நாள் இல்லை. அப்படியிருக்க, அது என்ன சொல்லிக் கொடுக்கிறது என்று நாம் பார்க்க வேண்டாமா?

படத்து ஆம்பளை எப்படி இருக்கிறான்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். எம்.ஜி.ஆர் படம் என்றால் நம் அம்மாக்கள் ஏன் அப்படி ஓடிப் போய்ப் பார்த்தார்கள்? அந்தக் கதாநாயகன் தாயை வணங்குவான். பெரும்பாலான படங்களில் குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான். ஏழைக்காகக் கை நீட்டுவான், பெண்ணைத் தொந்தரவு செய்கிறவனை அடிப்பான். தன் வீட்டில் அப்படி ஒருவனைக் காணாத பெண்களுக்கு அவனைத் திரையில் பார்த்தது பெரிய ஆறுதல்.

ஆனால் அதே சினிமா இன்னொன்றையும் சேர்த்தே சொல்லியது. திமிர் பிடித்த பெண்ணை ஆண் 'வழிக்குக் கொண்டுவர' வேண்டும் என்பதுதான் அது. 1972-ல் சிவாஜியும் ஜெயலலிதாவும் நடித்து வந்த 'பட்டிக்காடா பட்டணமா' கதை, பட்டணத்து மனைவியைக் கிராமத்துக் கணவன் அடக்குகிற கதை. 20 வருடம் கழித்து 1992-ல் ரஜினியும் விஜயசாந்தியும் நடித்த 'மன்னன்' வந்தது. அதில் விஜயசாந்தி ஒரு பெரிய கம்பெனியை நடத்துகிறவர். கடைசியில் அவர் நிர்வாகத்தை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவியாக இருக்கச் சம்மதிப்பதோடு படம் முடியும். கொட்டகையில் கைதட்டினார்கள். நாமும்தான் கைதட்டினோம்.

1999-ல் வந்த 'படையப்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ரம்யா கிருஷ்ணன் நீலாம்பரியாக நடித்தார். அதிகமாகக் கோபப்படுகிற பெண் நன்றாக வாழ மாட்டாள் என்று கதாநாயகன் அவளுக்குப் புத்தி சொல்வார். சரி, அதே படத்தில் கதாநாயகனுக்கு வருகிற கோபம்? அதற்குப் பின்னால் இசை போடுகிறார்கள், விசில் பறக்கிறது. பெண்ணுக்குக் கோபம் வந்தால் திமிர், ஆணுக்குக் கோபம் வந்தால் வீரம். இந்தக் கணக்கு எந்த ஊர் நியாயம்?

படம் பார்த்ததால்தான் நம் வீட்டு ஆண்கள் அடிக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. சினிமா வருவதற்கு முன்பும் அடி இருந்தது. ஆனால் அடிக்கிற கைக்கு மரியாதை சேர்த்துக் கொடுத்ததில் சினிமாவுக்குப் பங்கு உண்டு. 'அடிச்சாலும் அவன்தானே புருஷன்' என்று நாமே சொல்லும்படி நம் வாயில் அந்த வசனத்தை வைத்ததிலும் பங்கு உண்டு.

வயசு நின்றுபோகும் அதிசயம்

1973-ல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தபோது எம்.ஜி.ஆருக்கு வயது 56. படத்தின் பெயரோ வாலிபன்! நம் மலையில் 56 வயதுக்காரர் எப்படி இருப்பார்? மிளகு பறிக்க ஏணி ஏறி ஏறி முழங்கால் தேய்ந்திருக்கும். மூட்டை தூக்கி இடுப்பு பிடித்திருக்கும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்பார்.

பெண்ணுக்கு மட்டும் சினிமாவில் வயது ஓடும். நடிகை ஸ்ரீவித்யா 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் ரஜினியின் மனைவியாக நடித்தார். 1991-ல் 'தளபதி' படத்தில் அதே ரஜினிக்குத் தாயாக நடித்தார். இருவரில் யார் மூத்தவர் தெரியுமா? ரஜினிதான்! அவர் பிறந்தது 1950, ஸ்ரீவித்யா பிறந்தது 1953. பதினாறே வருடத்தில் மனைவி தாயாகிவிட்டார், கணவன் மட்டும் இளைஞனாகவே நின்றார்.

இதெல்லாம் எப்படி நடக்கிறது? விக் இருக்கிறது, தலைச்சாயம் இருக்கிறது. ஹீரோ பறந்து அடிக்கிறபோது இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். அந்தக் கயிற்றைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள். ஆபத்தான இடத்தில் அவருக்குப் பதில் 'டூப்' போடுகிற சண்டைக் கலைஞர் குதிப்பார். 2024-ல் வந்த 'கோட்' படத்தில் 50 வயது விஜய்யையே கம்ப்யூட்டரால் இளைஞனாக்கி, அப்பா வேடம் மகன் வேடம் இரண்டிலும் காட்டினார்கள்.

உண்மையான உடம்பு அப்படி இல்லை. 1967 ஜனவரி 12-ம் தேதி நடிகர் எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் அவர் குரலே மாறிவிட்டது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பில் கார் சாகசம் செய்த சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்தே போனார். படத்தில் பத்துக் குண்டு வாங்கியும் எழுந்து நடப்பார்கள். நிஜத்தில் ஒன்று போதும்.

ஆகவே பையன்களுக்கு நாம் சொல்ல வேண்டியது இது: 'கண்ணு, அங்க அடிக்கிறது நிஜ அடி இல்ல. இங்க உங்கம்மா வாங்குறதுதான் நிஜ அடி.'

வயசானா அடங்கிடுவானா?

இப்போது பெரியம்மாவின் இரண்டாவது பேச்சுக்கு வருவோம். வயதான ஆணைப் பற்றி நல்ல படங்கள் தமிழில் வந்திருக்கின்றன. அவை என்ன சொல்கின்றன?

1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்'. எம்.ஆர். ராதா வெளிநாட்டில் படித்து வந்த பணக்காரன். தாயை மதிக்க மாட்டான், கட்டிய மனைவியை மதிக்க மாட்டான். சொத்தை எல்லாம் வேறிடத்தில் கொட்டுவான். நோய் வந்து, பார்வை போய், தெருவில் கையேந்தும்போதுதான் தான் யாரை மிதித்தோம் என்று அவனுக்குப் புரியும். கடைசியில் தன் மனைவிக்குத் தன் நண்பனையே மறுமணம் செய்து வைப்பான். 70 வருடத்துக்கு முன்பே இப்படி ஒரு முடிவு! (இதில் ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். படத்தில் அவனுக்கு வருவது தொழுநோய். அது பாவத்துக்குத் தண்டனை இல்லை. கிருமியால் வருவது. அரசு மருத்துவமனையில் இலவசமாக மருந்து கிடைக்கிறது, முழுதாகக் குணமாகும். தேமல் மாதிரி இருந்து அங்கே உணர்ச்சி இல்லாவிட்டால் உடனே காட்டுங்கள்.)

1970-ல் வந்தது 'வியட்நாம் வீடு'. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற பத்மநாபனாக சிவாஜி நடித்தார். அப்போது அவருக்கு வயது 41தான்! கௌரவம், கௌரவம் என்றே வாழ்ந்த மனிதர். சம்பளம் நின்றதும் வீட்டில் அவர் பேச்சுக்கு மரியாதை போய்விடும். கடைசி வரை கூட நிற்பது மனைவியாக வரும் பத்மினி மட்டும்தான். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. சம்பளமும் அதிகாரமும்தான் ஆண்மை என்று இருந்தவருக்கு அவை போனதும் கையில் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை.

1987-ல் வந்தது மணிரத்னத்தின் 'நாயகன்'. கமல் 32 வயதில் இளைஞனிலிருந்து கிழவன் வரை நடித்தார். வேலு நாயக்கர் ஊருக்கு நல்லது செய்கிறவர்தான். ஆனால் கத்தியைக் கையில் எடுத்தவர். அதற்கு விலை என்ன? மனைவி கொல்லப்படுகிறாள். மகன் சாகிறான். மகள் அப்பா முகத்தில் விழிக்க மாட்டேன் என்று வீட்டை விட்டுப் போகிறாள். வயதான காலத்தில் பேரன் வந்து, நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று கேட்கும்போது அவருக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் அவரைச் சுடுவது யார்? இளமையில் அவர் கொன்ற போலீஸ்காரரின் மகன். மனவளர்ச்சி குன்றிய அந்தப் பிள்ளை, அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து சுடுகிறான். அடித்தவனுக்கு வயதாகிவிட்டது. அவன் அடித்த அடிக்கு வயதாகவில்லை. அது பிள்ளை வழியாகத் திரும்பி வந்தது.

1992-ல் வந்த 'தேவர் மகன்' படத்தில் சிவாஜி 64 வயதில் ஊர்ப் பெரியவராக நடித்தார். பட்டணமும் வெளிநாடும் பார்த்த மகன், ஊரின் வெட்டுக் குத்தை நிறுத்தப் பார்க்கிறான். கடைசியில் அவன் கையிலும் ரத்தம் படிகிறது. 'பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்' என்று ஊரிடம் சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போகிறான். வன்முறை வேண்டாம் என்று சொன்ன படம்தான். ஆனால் சாதிப் பெருமையையும் கூடவே தூக்கிப் பிடித்தது என்று பிற்காலத்தில் பலர் குறை சொன்னார்கள். அந்தப் படத்தில் இன்னொரு ஆளும் இருக்கிறார். வடிவேலு நடித்த இசக்கி. பெரிய வீட்டுக்காரர் சொன்னதற்காகக் கோயில் பூட்டைத் திறந்தவர். அதற்காக அவர் கையை வெட்டிவிடுவார்கள். பெரியவர்கள் சண்டையில் கூலிக்காரன் கை போனது.

அதே வடிவேலு 31 வருடம் கழித்து, 2023-ல் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' படத்தில் நடித்தார். நம் அடிவாரத்து ராசிபுரத்தை நினைவுபடுத்தும் 'காசிபுரம்' தொகுதி எம்.எல்.ஏ. ஆனாலும் சாதியால் நாற்காலியில் உட்கார முடியாமல் நிற்கிற அப்பா. அநியாயம் நடந்தபோது 'பேசாமல் இரு' என்று அப்பா சொன்னதால் 15 வருடமாக மகன் அவரோடு பேசுவதில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவன், தோற்ற கோபத்தில் தான் வளர்த்த நாயையே அடித்துக் கொல்கிறவன். சகோதரிகளே, இந்த இரண்டு பேரில் யார் ஆம்பளை? மீசை முறுக்கி நாயை அடிக்கிறவனா? அவமானத்தைத் தாங்கி, பொறுமையாக நடந்து கடைசியில் சட்டசபையில் சபாநாயகர் நாற்காலியில் உட்காருகிறவரா?

துப்பாக்கி தூக்கும் தாத்தாக்கள்

இப்போது புதிதாக ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பெரிய நடிகர்கள் நரைத்த தாடியோடு தாத்தாவாகவே நடிக்கிறார்கள். 2022-ல் 'விக்ரம்' வந்தபோது கமலுக்கு 67 வயது. கதையில் மகனை இழந்தவர், கைக்குழந்தைப் பேரனைக் காப்பாற்றுகிறவர். 2023-ல் 'ஜெயிலர்' வந்தபோது ரஜினிக்கு 72 வயது. கதையில் ஓய்வு பெற்ற சிறை அதிகாரி. பேரனோடு விளையாடுவார், வீட்டுக்குக் காய்கறி வாங்கி வருவார். வயதை மறைக்காமல் நடித்தது நல்ல விஷயம்தான்.

ஆனால் அந்தத் தாத்தாவுக்கு எப்போது கைதட்டல் விழுகிறது? பேரனுக்குப் பால் புட்டி காய்ச்சும்போதா? இல்லை. துப்பாக்கியைத் தூக்கியபிறகுதான். வயதானவர் சும்மா வீட்டில் இருந்தால் மதிப்பு இல்லை, 'நான் இன்னும் ஆம்பளைதான்' என்று ரத்தம் சிந்திக் காட்டினால்தான் மதிப்பு என்று ஆகிறது. 'ஜெயிலர்' முடிவை நினைத்துப் பாருங்கள். மகன் தப்பான வழியில் போய்விட்டான். திருந்த அப்பா ஒரு வாய்ப்பு கொடுக்கிறார், மகன் கேட்கவில்லை. மகன் செத்துப் போகிறான். படம் அப்பாவின் கம்பீரத்தோடு முடிகிறது. பெற்ற தாய்க்கு என்ன மிஞ்சியது? அதைப் படம் காட்டாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

இதே காலத்தில் வேறு மாதிரி ஒரு படமும் வந்தது. 2017-ல் நடிகர் தனுஷ் இயக்கிய 'ப. பாண்டி'. ராஜ்கிரண் அதில் ஓய்வு பெற்ற சண்டைப் பயிற்சியாளர். மகன் வீட்டில் இருக்கிறார். பேரப் பிள்ளைகள் பிரியம்தான், மகனும் கெட்டவன் இல்லை. ஆனாலும் ஆளுக்குப் பேச்சுத் துணை இல்லை, செய்ய வேலை இல்லை. 'நான் எதுக்கு இருக்கேன்?' என்ற கேள்வி. ஒரு நாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வயதான ஆணுக்கு அடிதடி தேவை இல்லை, உட்கார்ந்து பேச ஒரு ஆள்தான் தேவை என்று அந்தப் படம் சொல்லியது. நம் ஊர்த் திண்ணைகளில் இப்படி எத்தனை பாண்டிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்!

நம் வீட்டுக் கதை

2019-21-ல் மத்திய அரசு நடத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் 100-க்கு சுமார் 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். 12 பேர் இருக்கும் ஒரு குழுவில் இது நாலு பேருக்கு மேல். உங்கள் குழுவை ஒரு முறை மனதில் சுற்றிப் பாருங்கள்.

'குடிச்சாத்தான் அடிக்கிறாரு, இல்லன்னா தங்கம்' என்போம். குடித்துவிட்டு அவர் போலீஸ்காரரை அடிக்கிறாரா? கடன் கொடுத்தவரை அடிக்கிறாரா? போதையிலும் யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரிகிறது. திருப்பி அடிக்காத ஆளாகப் பார்த்துத்தான் கை போகிறது. ஆகவே குடியை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. 'இவளை அடிக்கலாம்' என்ற நினைப்புதான் வேர்.

பிறகு வயதாகிறது. கை நடுங்குகிறது. அப்போது என்ன நடக்கிறது? ஊருக்கு ஊர் பார்த்திருப்போம், பெயர் வேண்டாம். சில வீட்டில் கிழவர் படுக்கையில் கிடப்பார். 30 வருடம் எந்தக் கையை முறுக்கினாரோ அந்தக் கைதான் அவருக்குக் கஞ்சி ஊட்டும், துணி மாற்றும். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. ஏச்சும் பேச்சும் நடக்கும். சில வீட்டில் மகன் தலையெடுத்திருப்பான். அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்தே வளர்ந்தவன். கை பலமுள்ளவன் சொல்வதுதான் வீட்டில் சட்டம் என்று அப்பாவிடம் கற்றவன். இப்போது பலம் அவன் கையில். முதல் அடி அப்பாவுக்கு விழும், அடுத்தது அம்மாவுக்கு. 'நாயகன்' கதை நம் வீட்டிலேயே நடந்துவிடும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். பொதுவாகக் கணவனைவிட மனைவிக்கு வயது குறைவு. கணவர் போனபிறகும் பல வருடம் அவள் தனியாக வாழ வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் அவள் நிற்கப் போவது அந்த மகன் வாசலில்தான். ஆகவே மகனை எப்படி வளர்க்கிறோம் என்பது நம் முதுமைக்கு நாமே கட்டுகிற சேமிப்பு. மாதச் சந்தாவைவிட முக்கியமான சேமிப்பு.

ஆக, பெரியம்மா சொன்ன இரண்டும் சரியில்லை. ஆம்பளை 'அப்படித்தான்' பிறப்பதில்லை, அப்படி ஆக்கப்படுகிறான். வயதானால் தானாக அடங்குவதும் இல்லை. கை மாறுகிறது, அவ்வளவுதான்.

ஓரியின் மலைக்காரர்கள் நாம்

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. ஆடி மாதம் விழா எடுக்கிறோம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவர் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. ஆனால் அவரைத் தமிழ்நாடு எதற்காக நினைவு வைத்திருக்கிறது? கடையெழு வள்ளல்களில் ஒருவர் என்றுதான். வில் வளைத்த அவரும் போரில்தான் இறந்தார். அம்பு விட்ட கைக்கு உள்ள பெயரைவிட, கொடுத்த கைக்கு உள்ள பெயர் பெரிது. பையன்களை விழாவுக்குக் கூட்டிப் போகும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

படத்தை நிறுத்தச் சொல்லவில்லை. உழைத்துக் களைத்தவர்களுக்கு ஒரு பாட்டும் ஒரு சிரிப்பும் வேண்டும். பார்க்கும்போதே கேள்வி கேட்போம். மகனும் மகளும் பக்கத்தில் இருக்கும்போது வாய்விட்டுக் கேட்போம். 'இவன் ஏன் அவளை அறையுறான்? பேசினா ஆகாதா?' என்று ஒரு வார்த்தை போதும். பிள்ளைகள் மனதில் அது தங்கும்.

பையனுக்கு 'ஆம்பளைப் பய அழக்கூடாது' என்று சொல்வதை நிறுத்துவோம். அழத் தெரியாதவன்தான் பிறகு அடிக்கிறான். தண்ணீர் எடுக்க, சாமை புடைக்க, தங்கச்சியைக் குளிப்பாட்ட அவனையும் பழக்குவோம். சமைக்கத் தெரிந்த ஆணுக்கு முதுமையில் பாதிக் கவலை இல்லை.

மாமியாராக இருக்கிற அக்காக்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. 1977-ல் கே. பாலசந்தரின் 'அவர்கள்' படத்தில் ரஜினி கொடுமைக்காரக் கணவன், சுஜாதா மனைவி. அதில் ரஜினியின் தாயாக வருபவர் மகன் பக்கம் நிற்காமல் மருமகள் பக்கம் நிற்பார். அடிக்கிற கை நம் மகன் கையாக இருந்தாலும் அதைப் பிடித்து நிறுத்த முதலில் எழ வேண்டியவர் தாய்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2005-ல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. கேவலமாகப் பேசுவது, காசு தராமல் வைப்பது, வீட்டை விட்டுத் துரத்துவது எல்லாமே வன்முறைதான். மனைவி மட்டுமல்ல, தாய், மகள், சகோதரியும் புகார் செய்யலாம். மாவட்ட சமூக நல அலுவலகம் மூலம் பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். 'அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு அனுப்பக் கூடாது, செலவுக்குப் பணம் தர வேண்டும்' என்று நீதிமன்றம் உத்தரவு போடலாம். அடிபட்டு மருத்துவமனைக்குப் போனால் 'விழுந்துட்டேன்' என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

வயதான பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்காவிட்டாலோ அடித்தாலோ, 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை.

இந்த எண்களைக் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்:

பெண்கள் உதவி எண் – 181
குழந்தைகள் உதவி எண் – 1098
முதியோர் உதவி எண் – 14567
இலவச சட்ட உதவி – 15100
அவசர உதவி – 112

அடுத்த கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நீங்கள் சமீபத்தில் பார்த்த படத்தில் பெண்ணை யாராவது அடித்தார்களா? அதைப் படம் தப்பு என்று காட்டியதா, சரி என்று காட்டியதா?

2. அடிதடி செய்யாமல் உங்கள் மனதில் நின்ற ஆண் பாத்திரம் எது?

3. உங்கள் ஊரில் வயதான ஆண்களில் எல்லோரும் மதிக்கிறவர் யார்? எதற்காக மதிக்கிறார்கள்?

4. குழு உறுப்பினர் ஒருவர் அடிபட்டு வந்தால் அன்று இரவு அவர் எந்த வீட்டில் தங்கலாம்? யார் கூடப் போவது? இதை முன்கூட்டியே பேசித் தீர்மானமாக எழுதுங்கள்.

நாலாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் கூட்டத்தை முடிக்க வேண்டாம். மற்ற மூன்றையும் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடக்கலாம். அடிபட்ட தங்கச்சி ராத்திரி எங்கே போவாள் என்பதை அன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும்.